உம்முடைய மாஸ்கைப் பார்த்துக் கத்தியவன்

என் வசந்திக்கு,

உம்மோடு கதைக்க எனக்கு ஒரு நாளும் வெட்கம் வந்ததில்லை. இன்றைக்கு வருகிறது. எங்கே இருந்தாலும் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரும், பிறகு வாசியும்.

சனிக்கிழமை துளசியின் சொஃப்ட்போல் இறுதிப் போட்டி. அதே கடற்கரைப் பக்க மைதானம்தான். வழமைபோல ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டன, அவற்றைக் கலைக்கப் போனவர் தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடிக்கிறவளுக்குப் பின்னால், நீர் நடுவராக நிற்கும் இடத்தில், பரீனா நின்றா. நீர் அங்கே நிற்கையில் முதல் பேஸில் துணை நடுவராக நின்ற அதே கிண்ணியாப் பிள்ளை. பர்தாவுக்கு மேலே உம்முடைய கம்பி மாஸ்க். உம்முடைய முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நான்தானே அதை அவவிடம் கொடுத்தேன்? அறுந்த வாருக்கு நான் போட்ட சிவப்பு நூல் தையல் வேலியடியிலிருந்தே தெரிந்தது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சமநிலை. மூன்று பேஸிலும் எங்கட பிள்ளைகள், மட்டையோடு துளசி. பந்து உள்ளே வந்து அவளுடைய முழங்கையில் பட்டது. பந்து உடம்பில் பட்டால் அடிக்கிறவளுக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும், மற்றவர்கள் ஒவ்வொரு பேஸ் முன்னே போவார்கள், மூன்றாவதில் நிற்பவள் உள்ளே வந்து ஓட்டம் எடுத்துவிடுவாள். வெற்றி எங்களுக்கு! நாங்கள் எல்லாரும் துள்ளிக் குதித்தோம். பரீனா கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினா.

"விலகப் பாக்கல்ல. பேஸ் இல்ல. திரும்ப நில்லுங்க."

வசந்தி, நான் வேலியைப் பிடித்து உலுப்பிக்கொண்டு கத்தினேன். "கண் தெரியேல்லையோ? பிள்ளைக்கு அடிபட்டது தெரியேல்லையோ?" அத்தோடு விட்டேனா? "என்ர மனுசி இருந்திருந்தா உன்னை இந்த இடத்தில நிக்க விட்டிருக்க மாட்டா!" உம்மையும் இழுத்துவிட்டேன். உம்முடைய மாஸ்கைப் பார்த்தே உம்முடைய பேரால் கத்தினேன்.

நீர் நடுவராக நின்ற நாட்களில், கத்துகிற தகப்பன்மாரைக் கண்டால் எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும். "உந்தச் சனத்தை கேற்றடியிலேயே மறிக்க வேணும்" என்பேன். நீர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அவையின்ர பிள்ளையளும்தானே விளையாடுதுகள்" என்று சிரிப்பீர். அந்தச் சனத்தில் ஒருவன் உம்மோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டான் என்று உமக்கு அப்போதே தெரியுமோ?

துளசி மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தாள்.

"அப்பா, கத்தாதேங்கோ. அவ சரியாத்தான் சொன்னவ. நான் வேணுமெண்டுதான் கையை வைச்சனான். நீங்கள்தானே வைக்கச் சொன்னனீங்கள்."

ஓம், நான்தான். முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் ரெனிஸ் பந்தால் எறிந்து, "கிட்ட வந்தா முழங்கையைக் குடு, கொஞ்சம்தான் நோகும், பேஸ் கிடைக்கும்" என்று பழக்கியவன் நான். விலகப் பார்க்காதவளுக்கு பேஸ் கிடையாது என்று நீர் இந்த வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்! நான் ரீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன். நடுவரோடு குடும்பம் நடத்தியவனுக்கு விதி தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

துளசி திரும்பப் போய் நின்றாள். அடுத்த பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழந்தாள், சமநிலையில் நின்ற ஆட்டமும் மேலதிக இன்னிங்ஸுக்கு நீண்டு எங்கள் கையை விட்டுப் போனது. அவள் அழவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்கவும் இல்லை.

மறுநாள் நான் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். பரீனா தேத்தண்ணி தந்தா. நான் வாயைத் திறக்கும் முன்னரே உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினா. உள்ளே மாஸ்க்.

"அண்ணன், இது ஒங்கட ஊட்டிலயே இரிக்கட்டும். அக்காட பேரைச் சொன்ன பொறகு இதைப் போட எனக்கு ஏலாது. நான்தான் பிழையாப் பாத்தேனோ எண்டு ராவெல்லாம் நித்திரையில்ல."

"இல்லைப் பிள்ளை, நீர் சொன்னது சரி. நான்தான் அவளுக்குப் பிழையாப் பழக்கினனான்" என்றேன்.

"இஞ்ச வந்து எனக்கிட்டச் சொல்றீங்க. அங்க கேட்டுக்கிட்டு நிண்ட சனத்துக்கு யாரு சொல்ற?"

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது என்று பஸ் எங்கட உப்புவெளிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில், வீங்கிய முழங்கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த துளசி பையைப் பார்த்தாள். "ஏன் வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். அப்பனும் மகளுமாக அந்தப் பிள்ளையை மைதானத்தை விட்டே கலைத்துவிட்டோமா, வசந்தி? உமக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு நடுவராக நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற சனிக்கிழமை அதே மைதானத்தில் இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதே சனம்தான் வரும். ஆட்டம் தொடங்க முன்னம் நானும் துளசியும் உள்ளே போய், நான் கத்தின அதே சத்தத்தில் என் பிழையைச் சொல்லி, இந்த மாஸ்கை அவவிடம் திருப்பிக் கொடுப்போம். அவ வராவிட்டால் திரும்பக் கிண்ணியாவுக்குப் போவோம். வாங்க மாட்டேன் என்றால்? அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாஸ்க் என் மடியில் கிடக்கிறது. வாரைப் பார்த்தேன். உம்முடைய தலைக்கு அளவெடுத்துத் தைத்தது, பர்தாவுக்கு மேலே போட அவவுக்கு நல்லா இறுகியிருக்கும். இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை ஒரு சொல் சொல்லவில்லை. பழைய தையலைப் பிரித்து, வாரை நீட்டி, புது நூலால் திரும்பத் தைத்துவிட்டேன். இனி அது உம்முடைய அளவு இல்லை. கோவிக்க மாட்டீர்தானே?

தலைகுனிந்து,
உம்முடைய மனுசன், துளசியின் அப்பா