முதுகு காட்டும் கிழங்குகள்

என் செல்ல மகளுக்கு,

"புது வேலை, புது ரூம், நானே சமாளிச்சுக்கறேன். ஒரு மாசத்துக்கு போன் பண்ணாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. விஷயம் உன் தாடி ஐரிஸ் பூச்செடிகளைப் பற்றித்தான். வேறொன்றும் இல்லை.

நீ கிளம்பும் முன் நட்ட ஏழு கிழங்குகளும் மண்ணுக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. நம் தோட்டமோ வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்பதே இல்லை. காய்ந்துவிடுமே என்று ஆழமாகப் புதைத்து, இரண்டு வேளையும் குடம் குடமாக ஊற்றினேன். வேர் பிடித்ததா என்று அடிக்கடி தோண்டியும் பார்த்தேன்.

மூன்று அழுகிவிட்டன.

பக்கத்து வீட்டு நர்ஸம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் திட்டினாள். "அது முதுகுல வெயில் படணும் சார்! நீங்க போத்திப் போத்தியே கொன்னுடுவீங்க போலிருக்கே. சும்மா விடுங்க, தானா பிடிச்சுக்கும்."

உன் அம்மா ஜன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மிச்சமிருந்த நான்கையும் முதுகு வெளியே தெரியும்படி மேலாக நட்டுவிட்டேன். களைக்கொத்து இப்போது அம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து போய்ச் செடிகளைப் பார்த்தாயிற்று. தொடவில்லை.

உன் நம்பரிலும் கடைசி எண்ணை மட்டும் அழுத்தவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா