ஆட்டத்துக்கு முன் போர்த்திய பொன்னாடை

ஹேர்னிங்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

என் அன்பு மகள் மரினாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த ருமேனியக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுப் படிப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். சுகம் என்று எழுதினேனே ஒழிய எனக்கு ஒரு கிழமையாகக் கொதி அடங்கவில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ அரைவாசியில் "ரோ போ, மோர்", அமைதியாய் இரு அம்மா என்று டெனிஷில் என் வாயை அடைத்துவிடுவாய். எனக்கு அமைதியாக இருக்க விருப்பமில்லை, அதுதான் கடிதம். கடைசி வரைக்கும் வாசி, கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் தனுஷன் போன கிழமை ரண்டர்ஸிலிருந்து வந்து போனான், மெலிந்துவிட்டான், கேட்டால் ஜிம் என்கிறான். அதை விடு.

விஷயம் உன் சொரீனா அன்ரியைப் பற்றியது. உன் கையில் மேசைப்பந்து மட்டையைப் பிடித்து வைத்தவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும், அதற்கு முந்தின கதை தெரியாது. சின்ன வயதிலேயே தாயை விட்டுப் பிரித்து விளையாட்டு விடுதியில் போட்டார்களாம், பதினாறு வயதில் ருமேனியாச் சட்டை போட்டு வெளிநாடெல்லாம் போய்ப் பதக்கம் எடுத்தவர். பிறகு ஒரு பயிற்சியாளர் வந்து, தள்ளி நின்று வெட்டி வெட்டி ஆடுகிற ஆட்டம் பழசு, இனி இது சரிவராது என்று பெரிய அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அந்த நேரம்தான் எங்கள் ஊர்க் கழகம் கூப்பிட்டது. ஒரு அறையும் பஸ் காசும் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு என்னோடு தலையணைத் தொழிற்சாலையில் வேலை. பகல் முழுக்க என் பக்கத்து மெஷினில் நின்று தைத்துவிட்டு, பின்னேரம் மழையோ பனியோ சைக்கிளில் விளையாட்டு ஹோலுக்குப் போவார். கடைசிப் பிரிவில் கிடந்த பெண்கள் அணியை மேலே கொண்டுவந்தது அவருடைய மட்டைதான். சின்னனில் நீ கேட்பாய், அன்ரி ஏன் திருப்பி அடிக்கிறா இல்லை, பயமோ என்று. பயமில்லை பிள்ளை. எதிரில் நிற்பவள் எவ்வளவு பலமாக அடித்தாலும் தரையோடு எடுத்து வெட்டித் திருப்பி அனுப்புவார், அடித்தவள் களைத்துப்போய்த் தானாகவே பிழை விடுவாள்.

இப்படிப்பட்டவருக்கு என்ன செய்தார்கள் என்று கேள். கழகத் தலைவர் பீற்றர் எனக்குப் போன் எடுத்து, இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி அன்று சொரீனாவுக்குப் பிரியாவிடை, உங்களுடைய பொரித்த இறைச்சி றோல்ஸ் இல்லாமல் முடியாது, நூறு செய்து தருவீர்களா என்று கேட்டார். நானும் ஓம் என்றேன். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர், விளையாட்டை விடப்போகிறேன் என்று எனக்கு ஒரு சொல் சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். அந்தக் கோபத்தில் நானும் வாய் திறக்கவில்லை, தேத்தண்ணி நேரத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவுக்கோ ஒரே சந்தோஷப் புழுகம். தமிழ்ச் சங்கத்துக்குப் போய்ச் சிவப்பில் அகலச் சரிகை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, டெனிஷில் பேச்சும் எழுதிப் பாடமாக்கினார்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, எந்த விழா என்றாலும் முதலில் மாலை, பொன்னாடை, அதற்குப் பிறகுதான் நிகழ்ச்சி. டெனிஷ்காரருக்கு எல்லாம் முடிவில், கேக்கோடு. இதை அப்பாவுக்கு யார் சொல்வது? இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுக்கிற நேரம் கோட் சூட்டோடு நேரே நடுவுக்குப் போனார், சொரீனாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார், நீங்கள் எங்களை விட்டுப் போகிறீர்கள், இந்த ஹோல் இனி வெறுமையாகிவிடும், எல்லாவற்றுக்கும் நன்றி என்று பாடமாக்கினதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார். சொரீனா அவரைப் பார்த்து, "நிக்கலஸ், நான் எங்கை போறன்?" என்று கேட்டார். பீற்றரின் முகம் பீற்றூட் மாதிரிச் சிவந்துவிட்டது. பிறகுதான் உண்மை வந்தது. போன மாதமே நிர்வாகம் கூடி, கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு இளம் பிள்ளையை எடுத்து இவரை நிற்பாட்ட முடிவு செய்துவிட்டதாம். போட்டி முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கேக்கைக் கொடுத்து அப்போது சொல்லலாம் என்று இருந்தார்களாம்! ஏன் எல்லாருக்கும் முன்னால்? கையில் கேக் தட்டோடு நிற்கிறவள் சண்டை பிடிக்க மாட்டாள் என்றுதான். என்ன மனிசர் இவர்கள்! நான் பொரித்த றோல்ஸையும் அந்தச் சதிக்குத் துணை சேர்த்திருக்கிறார்கள்!

அப்பா பாவம், பொன்னாடையைத் திருப்பி எடுக்கக் கையை நீட்டினார். சொரீனா விடவில்லை. மடித்து, மேசையைச் சுற்றிப் பந்து ஓடாமல் வைக்கிற ஓரத் தட்டியில் தொங்கவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். எதிரில் பிராண்டே ஊர் அணியின் இருபது வயதுப் பிள்ளை, இடி மாதிரி அடிக்கிறவள். முதல் இரண்டு சுற்றும் தோல்வி. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு பந்தும் திரும்பி வந்தது பார், அந்தப் பிள்ளை அடிக்க அடிக்க இவர் வெட்ட வெட்ட, ஹோலே எழும்பி நின்றது. வியர்வை துடைக்க விடுகிற நேரமெல்லாம் தட்டிக்குப் போய்ப் பொன்னாடையால் முகத்தை அழுத்தித் துடைத்தார், சரிகை உரசி நெற்றியெல்லாம் சிவந்துவிட்டது. அப்பா என் பக்கத்தில் இருந்து "ஐயோ சரிகை, சரிகை" என்று அனுங்கினார், நான் ஒரு முறாய்ப்பு முறாய்த்தேன். கடைசிச் சுற்றிலும் சொரீனாதான் வென்றார்.

அதற்குப் பிறகும் அந்தக் கேக்கைக் கொண்டுவந்தார்கள் என்றால் நம்புவாயா? "தக் ஃபோ அல்ட்" என்று கிறீமால் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி என்று இங்கே கல்லறைக் கல்லில் வெட்டுகிற வசனம்! யார் செத்தது என்று பீற்றரிடம் நேரே கேட்டேன். குசினிக்குப் போய் றோல்ஸ் தட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்தேன். எங்கள் சின்னப் பிள்ளைகள், சொரீனா, தோற்ற பிராண்டே அணி எல்லாரும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று சாப்பிட்டார்கள். பீற்றரும் வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் கொடுக்கவில்லை. அங்கேயே பிராண்டே அணித் தலைவி வாயில் றோல்ஸோடு, அடுத்த பருவம் எங்களுக்கு ஆடுங்கள் என்று சொரீனாவைக் கேட்டார். சொரீனாவுக்குக் கார் ஓடத் தெரியாது, பஸ்ஸை நம்பி அங்கே போகவும் முடியாது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அதிலேயே சொல்லிவிட்டேன். பனியில் உன்னால் ஏலுமோ என்று அப்பா இழுத்தார், நீங்கள் பின் சீற்றில் இருந்து றோல்ஸைப் பிடித்தால் போதும் என்றேன்.

இனி உன் வேலை. சொரீனா தன் விருப்பத்தில், குடும்பத்தோடு இருப்பதற்காக விளையாட்டை விடுகிறார் என்று கழகத்தின் முகநூலில் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். எந்தக் குடும்பம்? அவருக்கு இருக்கிறது உனக்குப் பக்கத்து ஊரில் ஒரு தாய் மட்டும்தான். அதை யாரோ மொழிபெயர்த்து அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். நிற்க முடிகிறவரைக்கும் ஆடுவேன் என்று சொன்ன மகள் விட்டுவிட்டாள் என்றால் பெரிய நோய் வருத்தம் ஏதோ வந்துவிட்டது, எனக்கு மறைக்கிறாள் என்று அந்த மனிசி சாப்பிடாமல் அழுகிறாவாம். சொரீனா எத்தனை தரம் போனில் சொல்லியும் நம்பவில்லை. நீ டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை, நீ போய்ச் சொன்னால் நம்புவா. உனக்கு அறை தேடித் தந்து, வந்த புதிதில் சூப் வைத்துத் தந்த மனிசி அல்லவா. இந்தச் சனிக்கிழமையே போ, பரீட்சை என்று சாட்டுச் சொல்லாதே, வெறுங்கையோடும் போகாதே.

கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கச் சொன்னார். கடிதத்துக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன், சொரீனா பொன்னாடையால் முகம் துடைக்கிற படம். மறக்காமல் தாயின் கையில் கொடு. இது என்ன சால்வை என்று கேட்டால் பிரியாவிடைக்குப் போர்த்தினது என்று சொல்லிவிடாதே. உங்கள் மகள் வியர்வை துடைக்கிற துவாய், தோய்த்து மடித்து அடுத்த போட்டிக்கு வைத்திருக்கிறா என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
மேரிகிறேஸ்