நான்கு நாள் எரியாத விளக்கு

அம்மாவுக்கு வணக்கம்.

முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் இங்கே என் மேசையில் எரியுமே, நான் செய்த குட்டி விளக்கு, அது நான் புது அறைக்கு வந்ததிலிருந்து நான்கு நாளாக எரியவில்லை. "வேளைக்குப் போட்டுட்டேன்டி" என்று நீ சொல்லியும் விளக்கைத்தான் நம்பினேன். போனில் உன்னைக் கண்டபடி கத்திவிட்டேன்.

கோளாறு இங்கேதான். விளக்கிலுள்ள வைஃபை சில்லுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. இணையத்தில் நேரம் கேட்டுக்கொள்ளும். இந்த அறையின் வைஃபை அதைத் தடுத்துவிட்டது. நேரம் தெரியாத சில்லு, அதன் கணக்கு தொடங்கும் 1970-ஆம் வருஷம்தான் இன்னும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உன் பெட்டியின் சேதியை அனுப்பும் சர்வரின் அடையாளச் சான்றிதழ் செல்லுபடியாகும் தேதியே இன்னும் வரவில்லை என்று இணைப்பை மறுத்திருக்கிறது. "சான்றிதழைச் சரிபார்க்குறதையே எடுத்துடு, தன்னால ஓடும்" என்றாள் அறைத்தோழி. உன் மருந்து விஷயம் கண்டவர் கைக்குப் போகக் கூடாதென்று அவள் பேச்சை நான் கேட்கவில்லை. என் போனிலிருந்து நேரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது.

பிறகு சர்வரில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். நான்கு நாளும் வேளை தவறாமல் திறந்திருக்கிறாய். நான் கத்திய அன்று மட்டும் பதினொரு தடவை. பதறிப்போய் அக்காவை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். மாத்திரை சரியாக இருக்கிறதாம். என் விளக்கு எரியட்டும் என்று, மாத்திரை எடுக்காமல் பெட்டியை மட்டும் திறந்து திறந்து மூடியிருக்கிறாய்.

என் பழைய போர்வையை அனுப்பி வை. இங்கே கொடுத்தது காலுக்கு எட்டவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. மாத்திரை வேளை இல்லாதபோதும் எப்போதாவது சும்மா ஒரு தடவை திறந்து மூடு, அம்மா.

உன் சின்னவள்