இரண்டாம் சுற்றில் செய்த கேலி

செகூ,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய சுமானா குலிபாலி அண்ணனுக்கு, பக்கத்து வீட்டு அசிதான் வணக்கத்தோடு எழுதுவது.

"அண்ணன்" என்று படித்ததும் சிரிப்பீர்கள். இத்தனை வருஷமாக "ஏய், காராமணித் தின்னி!" என்று கேலியாகத்தானே கூப்பிட்டேன்! இப்போது அது வாயில் வரமாட்டேன் என்கிறது. பமாக்கோ ஆஸ்பத்திரியில் இடது கண்ணின் கட்டைப் பிரித்துவிட்டார்களா? பார்வை திரும்புமா என்று டாக்டரிடம் நன்றாகக் கேளுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. உங்கள் ஆட்டுக்கொட்டகை ஒழுகியது, கூரையை மாற்றிவிட்டேன். ஆடுகள் சௌக்கியம்.

தேர்தலின் முதல் சுற்றிலும் இதே கேலியைத்தானே செய்தேன்? வாக்குச்சாவடியில் நீங்கள் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தீர்கள். "திருடன்! அங்கியை உதறிப் பாருங்க, உள்ள ஓட்டுச்சீட்டா ஒளிச்சு வெச்சிருக்கான்!" என்றேன். வரிசையே சிரித்தது. "கெய்தா வீட்டு அடிமைப் பொண்ணே, உனக்கு யாரு இவ்ளோ வாய் குடுத்தா?" என்று நீங்களும் விடவில்லை. அன்று போட்டியில் ஏகப்பட்ட பேர். யார் எந்தக் கட்சி என்று எவரும் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்றில் மிஞ்சியது இரண்டே பேர். ஊரும் இரண்டாகிவிட்டது. அது என் மரமண்டைக்கு ஏறவில்லை. அதே கேலியைச் செய்தேன். பின்னால் நின்ற வெளியூர்ப் பையன்களுக்கு நான் கெய்தா, நீங்கள் குலிபாலி, இரண்டு குலத்துக்கும் கேலி முறை உண்டு என்று எப்படித் தெரியும்? உங்கள் தலையில் இருந்த கட்சித் தொப்பிதான் தெரிந்தது. "விளையாட்டுடா, விடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? ஐயோ, உங்களை இழுத்துப் போட்டு அடித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேனே!

தேர்தல் அதிகாரியிடம் போய், திருட்டு எதுவும் நடக்கவில்லை, வாய்க்கொழுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சந்தையிலும் கடைகடையாகச் சொன்னேன். சிலர் நம்பினார்கள், சிலர் உங்களைப் பற்றி இன்னும் குசுகுசுக்கிறார்கள். ஜெயித்தது யார் என்பதைக்கூட நான் காதில் வாங்கவில்லை.

கொரொதுமு அண்ணி போனில் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "கெய்தா கேலி பண்ணா குலிபாலி கோவப்படக் கூடாது. அது நம்ம முறை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்களாம். அந்த முறைதான் என்னைத் தின்கிறது, அண்ணா.

ஒரே ஒரு தடவை அதைத் தள்ளி வையுங்கள். என்மேல் நிஜமாகவே கோபப்படுங்கள். வாய்விட்டு, மனசார வைது எழுதுங்கள். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான், நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் கண்ணை என்னால் பார்க்க முடியும்.

அல்லா உங்கள் பார்வையைத் திருப்பித் தரட்டும்.

ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்தும்,
உங்கள் அடிமைப் பொண்ணு
அசிதான் கெய்தா