மடி என்ற சொல்

ஆத்தூர், ஆகஸ்ட் 1943

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கன்று முட்டினால்தான் பசு சுரக்கும் என்பதை எங்கள் தலைமையாசிரியையிடம் அன்று நான் சொல்லவில்லை.

பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு, நட்சத்திரங்களுக்குப் போகும் பெருங்கப்பலைப் பற்றிக் கதை எழுதியிருந்தேன். சிறு விண்கலங்கள் அதன் மடியில் முட்டும். உடனே எரிபொருள் சுரக்கும். அதைத் தலைமையாசிரியை மற்ற ஆசிரியைகள் முன்னால் படித்தார்.

"மடியாம், முட்டுமாம். கல்யாணமாகாத பொண்ணு எழுதற எழுத்தா இது? குழாய்னு மாத்து."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபாசம் அந்தச் சிரிப்பில்தான் இருந்தது.

"மாத்த மாட்டேனுங்க" என்றேன்.

"அப்ப வேலையை மாத்திக்க."

நீங்கள் கவலைப்பட வேண்டாம். செவலைப் பசுவின் கன்றுக்கு நான் வரும்வரை பேர் வைக்காதீர்கள். தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
குஞ்சம்மாள்

பி.கு.: கதையைக் கிழித்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் எனக்கு வேலை இல்லை.