சிரித்தால் வியாபாரம் போய்விடும்

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று காலை என் முன்பல் விழுந்துவிட்டது. கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிராம்பு மணக்க உள்ளங்கையில் நம் பொடி, அதன் நடுவே பார்த்தால் பல். துவைக்கல்லின் மேல் பல்பொடி டப்பா. டப்பாவின் படத்தில் நீங்கள், உதட்டை இறுக்கிக்கொண்டு. "வாங்க, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. நீங்கள் போய் ஒரு வருஷமாகியும் என்னைக் கேலி செய்வதை விடவில்லை.

அதுவும் இன்றைக்குத்தானா விழ வேண்டும்? நாளைக்கு நான் போட்டோ எடுக்கப் போக வேண்டும். டப்பாவுக்குப் புதுப் படம் வேண்டுமாம். "இப்பதான் உங்களுக்கும் நரை வந்தாச்சே அத்தை" என்று போன வாரம் மாப்பிள்ளை, உங்கள் பிள்ளை, கேட்டார். மரியாதைக்கு ஒரு தடவை வேண்டாம் என்றேன். ரெண்டாவது தடவை கேட்க விடவில்லை. உங்களிடம் மறைப்பானேன், ஆறு வருஷமாக எனக்கு அந்த ஆசை.

சண்டைக் காலம் ஞாபகம் இருக்கிறதா? குண்டு விழும் என்று ஊரே ஓடியது. விழவில்லை என்று திரும்பி வந்தது. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மட்டும் போனது போனதுதான். பம்பாயிலிருந்து அவர் சித்தப்பா வரச்சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். அவர் போனால் என் மகளும் போவாள், நம் பேத்தியும் போவாள். நமக்கு மயிலாப்பூரில் மிச்சம் இருப்பது குளமும் கொசுவும்தான். கப்பல் வராததால் சீமைப் பல்பொடி கிடைக்காத நேரம் அது. நாமே அரைத்து விற்போம், பங்குனிக்குள் ஓடாவிட்டால் பம்பாய்தான் என்று மாப்பிள்ளை கெடு வைத்தார்.

பொடி நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர்கள்தான் தொடவில்லை. "புதுச யாரும்மா கேக்கறாங்க?" என்றார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு யோசனை வந்தது. முன்னால் நின்றவள் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்கிறாள், பின்னால் நின்றவளும் அதையே சொல்கிறாள். ஊரில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது அந்தக் காலம் ஒன்றுதான் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் நோட்டீஸ் எழுதினேன்: "பாட்டி காலத்துப் பல்பொடி. நாங்கள் சிறுமிகளாய் இருந்தபோது தேய்த்தது. இன்றுவரை ஒரு பல்லும் ஆடவில்லை." பொடி முதன்முதலாக உரலில் விழுந்தது அதற்கு முந்தின ஆடியில். "அஞ்சாம் கிளாஸ் படிச்சவங்க எழுத்துக்கு இது ஜாஸ்தி" என்று மெச்சினார் அச்சுக்கூடக்காரர். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

டப்பாவுக்குப் பாட்டி படம் வேண்டும் என்றதும் நான் அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தேன். போட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "பாட்டி எப்ப வருவாங்க?" என்றார். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். வெள்ளைக் கொண்டை, காலணா அகலத்துக்குக் குங்குமம். "இவங்கதான்!" என்று துள்ளினார்.

உங்களுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான். மகள் சீமந்தத்தன்று எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமையலறை மூலையில் நீங்கள் சோற்றைக் குழைத்து விழுங்கியதைப் பார்த்துவிட்டேன். முந்தானையால் வாயை மறைக்காமல் நீங்கள் பேசி யாரும் கண்டதில்லை. பெற்ற பிள்ளையே ஏதோ நாலு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"படம் புடிச்சா ஆயுசு குறையும்" என்றீர்கள்.

"பேத்தி பம்பாய்க்குப் போனா குறையாதா?" என்றேன். உட்கார்ந்துவிட்டீர்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

"சிரிச்சா வியாபாரம் போயிடும்." உதடு அசையாமல் சொன்னீர்கள். அவர் அதை வேடிக்கை என்று நினைத்தார்.

படம் போட்டதும் பொடி கொஞ்சம் நகர்ந்தது. "எங்க ஆயா இதத்தான் தேய்ச்சுது" என்று ஒருவர் கடையில் கண் கலங்கச் சொன்னதை நானே கேட்டேன். எந்த ஆயா? எப்போது தேய்த்தாள்? எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு பங்குனித் திருவிழாவில், அறுபத்து மூவர் ஊர்வலத்தன்று மாட வீதியில் கடை போட்டோம். அன்று விற்றால் உண்டு, இல்லாவிட்டால் பம்பாய். நான் கொட்டைப்பாக்கைக் கடித்துக் கடித்துக் காட்டினேன். நீங்கள் பக்கத்தில் டப்பா மாதிரியே உட்கார்ந்திருந்தீர்கள். பலூன்காரன் ஒருவன் நின்றான். டப்பாவைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான்.

"இன்னா ஆயா, டப்பால கீறது நீதானே? பாக்கு அவங்க கடிக்கிறாங்கோ, நீ சும்மா குந்திகினு கீறே? எங்க, பல்லக் காமி!"

கூட்டமும் சேர்ந்துகொண்டது. "காமி ஆயா, காமி!" மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. "அவங்க மௌன விரதம்" என்று நான் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். எழுதின பொய்க்கு அது தங்கச்சி.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் மகள் இடுப்பில் இருந்த பேத்தியைப் பார்த்தீர்கள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் வாயை ஆவென்று திறந்தீர்கள்.

முன்னால் நின்றவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா பாத்துக்க நைனா. ஒண்ணுகூட இல்ல. எங்க காலத்துல ஏது பல்பொடி? செங்கல் தூளும் சாம்பலுந்தான். அதான் இந்த கதி. உனக்கு முப்பத்திரண்டும் கீதில்ல? வாங்கிக்கினு போ!"

முதலில் சிரித்தவன் பலூன்காரன்தான். மாமியாருக்கும் சேர்த்து ரெண்டு டப்பா வாங்கினான். அறுபத்து மூவரும் எங்கள் கடையைத் தாண்டுவதற்குள் கூடை காலி.

வீட்டுக்கு நடக்கும்போது மறுபடி வாயை மூடிக்கொண்டீர்கள். "இன்னும் எதுக்கு? ஊரே பாத்தாச்சே" என்றேன். "ஊருக்குக் காட்டினது வியாபாரத்துக்கு. மூடறது வெக்கத்துக்கு" என்றீர்கள். வீடு சேரும்வரை முந்தானையை எடுக்கவேயில்லை. பொய் எழுதியது நான், வாய் திறந்தது நீங்கள். அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மறுநாளே நோட்டீஸை மாற்றினேன்: "பாட்டி காலத்தில் இல்லாத பல்பொடி." மாப்பிள்ளை பம்பாய்க்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டார். பேத்தி இப்போது ரெண்டாம் கிளாஸ். உங்கள் டப்பாவைக் காட்டி "இது எங்க பாட்டி" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்கிறாள்.

பொய்ப்பல் கட்டிக்கொண்டு அடுத்த மாதம் படம் எடுக்கலாம் என்கிறாள் மகள். காலையிலிருந்து என் கையும் தானாக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறது, உங்கள் கை மாதிரியே. ஆனாலும் நாளைக்கே போகிறேன். டப்பாவிலிருந்து உங்கள் படத்தை நீக்கக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் இடம் இருக்கிறது. போட்டோக்காரர் சிரிக்கச் சொல்வார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டை தெரியச் சிரிப்பேன். டப்பாவில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு, ஒருத்தி திறந்துகொண்டு. வியாபாரம் போனால் போகட்டும்.

உங்கள் சம்பந்தி