வெள்ளிக்கிழமைச் சொல்

3.2.88
டிஸ்பென்சறிக் கூரை ஒழுகுகிறது என்று நிவாரணச் சங்கத்தார் றேடியோ செற்றை எங்கள் வீட்டு மேசையில் பூட்டிவிட்டுப் போனார்கள். அதை என் தலையில் கட்டினவர் அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போத்திக்கரி பாலசிங்கம். "பட்டம் எடுத்தனீர்தானே, இதுக்கு ஏலாதோ?"

பிள்ளைக்கு ஏழு மாதம். தொட்டிலுக்குப் பக்கத்தில் இது இரைகிறது.

இரவில் நயினாதீவிலிருந்து படகு விட அனுமதியில்லை. நோயாளி என்றால் நான் இந்தச் செற்றில் சங்கத்தின் யாழ்ப்பாணத்து நிலையத்தைக் கூப்பிட வேண்டும், அவர்கள் அனுமதி எடுத்துத் தருவார்கள். போன மாதம் யாரோ பொய்யாகக் கூப்பிட்டு விட்டார்களாம். அதனால் இப்போது நாளுக்கொரு இரகசியச் சொல். பிழையாகச் சொன்னால் பதில் வராது. மூன்று முறை பிழைத்தால், புதுத் தாள் வரும்வரை எங்களோடு பேசவே மாட்டார்கள்.

5.2.88
சொற்கள் எழுதிய தாள் அலுமாரிக்குள். நாட்காட்டியைப் பார்த்துத்தான் அன்றைய சொல்லை எடுக்கிறேன். நாட்காட்டியை இவர் குளித்து விளக்கேற்றிய பிறகுதான் கிழிப்பார், கோயிலில் பூசை செய்யப் போகுமுன். வேறு யாரும் தொடக்கூடாது.

10.2.88
பிள்ளைக்குச் சளி. பால் குடிக்கவில்லை.

12.2.88
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி.

விடியப்புறம் மூன்று மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. உதடெல்லாம் நீலம். பாலசிங்கத்தார் வந்து பார்த்தார். "இஞ்சை வைச்சிருக்க ஏலாது, தங்கச்சி." படகுக்கார அருளப்பு அண்ணை துறையில் ஆயத்தமாக நின்றார்.

கூப்பிட்டேன். இன்றைய சொல் என்ன என்றார்கள். "குடை." பதில் இல்லை. வடிவாய்ச் சொல்லேல்லையோ? திரும்பவும், ஆறுதலாக, "குடை." பதில் இல்லை.

இன்னும் ஒருமுறைதான். தாளில் வியாழனுக்குக் குடை என்றுதானே கிடக்கு? என்ரை பிள்ளை— நான் என்ன பிழை விட்டனான்?

இவர் நாட்காட்டியைக் காட்டினார். "வியாழன்தானே. விடியாமல் வெள்ளி எங்கை பிறக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு நாள் சூரியனோடு பிறக்கிறது. அங்கே இருக்கிறவருக்கு மணிக்கூட்டோடு. பன்னிரண்டுக்கே அவருக்கு வெள்ளி. அதுவும் பிழைத்தால்?

தாளில் வெள்ளிக்கு எழுதியிருந்ததைச் சொன்னேன். "ஏணி."

"ஓம் நயினாதீவு, சொல்லுங்கோ."

துறையில் அருளப்பு அண்ணை பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பெட்டியோடை சண்டை முடிஞ்சுதோ ஐயரம்மா? ஏறுங்கோ" என்றார். அழுகை அப்போதுதான் வந்தது.

18.2.88
வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரை.

மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. இவர் எழும்பி, குளிக்காமல், விளக்கேற்றாமல், நாட்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு வந்து படுத்தார்.